மீனும் கறியும்: இங்கிலாந்தில் எது பாரம்பரியச் சாப்பாடு?

இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்காக எழுதப்படும் சாப்பாட்டுப் பட்டியல்களில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று பாரம்பரிய உணவு: ஃபிஷ் அண்ட் சிப்ஸ், ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், பை வகைகள். இன்னொன்று வெளியிலிருந்து வந்த உணவு: சிக்கன் டிக்கா மசாலா, பால்ட்டி, கெபாப். முதலாவது மண்ணின் சொத்து, இரண்டாவது நேற்று வந்தது என்கிற தொனி அதில் இருக்கும். வருஷங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் இந்தப் பிரிவு நிற்காது.

முதலில் கறி. 1747-இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணியின் சமையல் புத்தகம் லண்டனில் வெளிவந்தது. அந்த நூற்றாண்டில் சக்கைப்போடு போட்ட புத்தகம். அதில் இந்திய முறைக் கறிக்கு ஒரு செய்முறை இருக்கிறது. கோழி அல்லது முயல், மூன்று நான்கு வெங்காயம், 30 மிளகு, ஒரு பெரிய கரண்டி அரிசி. கொத்தமல்லி விதையைச் சுத்தமான கரி அள்ளும் தட்டில் வைத்து, நெருப்பில் வறுத்துப் பொடிக்கச் சொல்கிறார். மிளகாய் கிடையாது, மஞ்சள்கூடக் கிடையாது. ஆனால் மல்லியை வறுத்துப் பொடிக்க வேண்டும் என்ற சங்கதி மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்து கடை. பாட்னாவில் பிறந்து, கம்பெனிப் படையில் இருந்து, அயர்லாந்து வழியாக லண்டன் வந்தவர் சேக் தீன் முகமது. 1810-இல் ஜார்ஜ் தெருவில் ஹிந்துஸ்தான் காபி ஹவுஸ் என்ற உணவகத்தைத் திறந்தார். மூங்கில் நாற்காலி, ஹூக்கா, கறி என்று எல்லாம் இருந்தது. ஆனால் இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பிய பணக்காரர்கள் வீட்டிலேயே சமையல்காரர் வைத்திருந்தார்கள். 1812-இல் அவர் திவாலானார்.

இப்போது ஃபிஷ் அண்ட் சிப்ஸுக்கு வருவோம். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த மீன், ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதி யூதர்களின் பழக்கம். சனிக்கிழமை ஓய்வுநாளில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. அதனால் வெள்ளியன்றே பொரித்து வைத்து, மறுநாள் ஆறியபடியே சாப்பிடுவார்கள். 1290-இல் இங்கிலாந்தை விட்டுத் துரத்தப்பட்ட யூதர்கள் 1656-க்குப் பிறகு மறுபடி குடியேறியபோது இந்த மீனும் கூடவே வந்தது. 1850களில்கூட ஆங்கிலச் சமையல் நூலில் இதற்கு 'யூத முறை வறுத்த மீன்' என்றுதான் பெயர். தெருவில் ரொட்டித் துண்டோடு விற்றார்கள்.

சிப்ஸ் என்றால் நம்ம ஊர்ப் பாக்கெட் சிப்ஸ் இல்லை. விரல் தடிமனில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு. அந்தக் கிழங்கும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இரண்டையும் சேர்த்து விற்றது யார் என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை: கிழக்கு லண்டனில் ஜோசப் மாலின் என்ற யூதர், 1860 வாக்கில், லங்காஷயரின் மோஸ்லியில் ஜான் லீஸ், 1863 வாக்கில். எப்படிப் பார்த்தாலும் லண்டனின் கறிக் கடையைவிட 50 வருஷம் இளையது.

அப்புறம் ஏன் இது தேசிய உணவானது? நீராவிப் படகுகள் வட கடலில் மீனை அள்ளிக்கொண்டு வந்தன. கிரிம்ஸ்பி, ஹல் துறைமுகங்களிலிருந்து ரயில் அதைப் பனிக்கட்டியில் வைத்து ஆலை ஊர்களுக்குக் கொண்டுபோனது. வேலை முடிந்து வரும் தொழிலாளிக்கு மலிவாக, சூடாக, வயிறு நிறையக் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம் ரேஷனில் போனபோதும் மீனும் உருளைக்கிழங்கும் ரேஷனுக்கு வெளியே இருந்தன.

இத்தனைக்கும் மரியாதை உடனே கிடைக்கவில்லை. மீன் பொரிப்பதை, தோல் பதனிடுவதைப் போன்ற நாற்றத் தொழில்களின் வரிசையில் வைத்திருந்தார்கள். 1905-இல் வந்த அந்நியர் சட்டத்தின் முக்கிய நோக்கமே கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வருவதைக் குறைப்பதுதான். அதே நாட்டில், அதே காலத்தில், யூதர் கொடுத்த மீன் கடைகள் ஆயிரக்கணக்கில் பெருகிக்கொண்டிருந்தன. அரை நூற்றாண்டு கழித்து, கறி வாசனை அடிக்கும் என்று இந்தியர்களுக்கும் பாகிஸ்தானியர்களுக்கும் வாடகைக்கு வீடு கொடுக்க மறுத்தார்கள். சாப்பாடு வேணும், சமைக்கிற ஆள் வேண்டாம் என்பது பழைய கதை.

இரண்டு கதையும் ஒரு இடத்தில் சந்திக்கவும் செய்தன. கப்பல்களில் வேலை பார்த்து வந்த சில்ஹெட் பகுதிக்காரர்கள், போருக்குப் பிறகு மீன் சிப்ஸ் விற்கும் சின்னக் கடைகளை வாங்கினார்கள். மீனோடு கறியும் வைத்தார்கள். மதுக்கடை மூடிய பிறகு வந்தவர்கள் சிப்ஸ் மேல் கறிக் குழம்பை ஊற்றச் சொன்னார்கள். 2001-இல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலா உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்று பேசியது இந்த வரலாற்றின் தொடர்ச்சிதான்.

நம்ம பங்கும் உண்டு. நம்ம மிளகுத் தண்ணீர்தான் 'முல்லிகடானி' சூப். சாதத்தில் ஊற்றிச் சாப்பிடுவதை அவர்கள் தனியாகக் குடிக்கும் சூப் ஆக்கி, இறைச்சியும் சேர்த்துக்கொண்டார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு 'மல்' என்ற பட்டப்பெயரே இதிலிருந்து வந்தது.

போகிறவர்கள் லண்டனின் பிரிக் லேன் பக்கம் அவசியம் போங்கள். அங்கே 1743-இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் அகதிகள் கட்டிய தேவாலயம், 1898-இல் யூதர்களின் ஜெபாலயமாகி, 1976-இல் மசூதியானது. அதே தெருவில் யூதர்களின் பேகலும் வங்காளிகளின் கறியும் கிடைக்கும். வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் போனால் ஹேடாக் மீன் கேளுங்கள். அங்கே பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், சிப்ஸையும் சேர்த்து. சைவக்காரர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே ஒரு தட்டுதான் வாங்க முடியும் என்றால், சிப்ஸ் மேல் கறிக் குழம்பு ஊற்றி வாங்குங்கள்.