கூழ்ப்பானையும் சமபந்தியும்



வரலாறு என்றவுடன் முடிமன்னரும் படையெடுப்பும் போர்க்களமுமே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் எதை உண்டனர், எங்கே உண்டனர், யாருடன் அமர்ந்து உண்டனர் என்பனவும் வரலாறேயாகும். சித்திரை, வைகாசித் திங்களில் திருவள்ளூரிலிருந்து பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை செல்வோர், சாலையோர மரநிழலில் கூழ்ப்பானையையும் மோர்ப்பானையையும் நுங்குக் குலையையும் தர்ப்பூசணிக் குவியலையும் காணலாம். குடும்பத்தோடு செல்வோரும், நண்பர் குழாமும், வேலை முடிந்து திரும்பும் தொழிலாளரும் அங்கே நின்று களைப்பாறுகின்றனர். இந்த எளிய காட்சிக்குப் பின்னே நெடிய கதை ஒன்று உண்டு.

முதலில் மோரைக் காண்போம். பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணனுக்கு வழி கூறும் நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. வைகறையில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்று, அதற்கு ஈடாகப் பெற்ற தானியத்தால் சுற்றத்தாரை உண்பிக்கும் ஆய்ச்சி ஒருத்தியை அதில் காண்கிறோம். நெய் விற்ற விலைக்குப் பொன் கொள்ளாமல் எருமையும் பசுவும் வாங்கும் மதியுடையவள் அவள். இன்று சாலையோரத்தில் மோர் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாய்மாரின் முன்னோடி அவளே அல்லளோ! மாவடு ஊறுகாயும் கரும்புச் சாறும் அந்நூலிலேயே பேசப்படுகின்றன.

அடுத்து, கூழ். கேழ்வரகு மாவை நீரில் கரைத்து ஓர் இரவு புளிக்க வைப்பர். மறுநாள் நொய்யரிசியை வேகவிட்டு, அதனுடன் அம்மாவைச் சேர்த்துக் கிண்டுவர். ஆறியபின் உருண்டையாக்கி நீரில் இட்டு, வேண்டும்போது மோரும் உப்பும் சேர்த்துக் கரைப்பர். சிறு வெங்காயம், மோர்மிளகாய், மாங்காய்த் துண்டு, கொத்தவரை வற்றல், நெத்திலிக் கருவாடு ஆகியவை அதற்குத் துணை. இதில் அறிவியலும் உண்டு. புளிப்பு ஏறுவதால் கூழ் விரைவில் கெடுவதில்லை. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருப்பதைக் குளிர்விக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்கே.

நம் மண்ணின் உணவு என்று நாம் பெருமையோடு கூறும் இக்கூழிலும் உலகமே கலந்திருக்கிறது. கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். அது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்நாட்டுக்கு வந்துவிட்டது. தர்ப்பூசணியும் ஆப்பிரிக்காவில் தோன்றியதே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே நம் அடுக்களையில் புகுந்தது. கும்மிடிப்பூண்டிக்கு அண்மையிலுள்ள பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். கடல் வழியே பண்டங்கள் வந்து சென்ற துறை அது. 19ஆம் நூற்றாண்டில் பனிக்கட்டியும் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் எழுந்த ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். ஆனால் அப்பனிக்கட்டி செல்வர்க்கே எட்டியது. ஏழைக்கு மண்பானையே குளிரூட்டும் பெட்டி.

இனி, உண்ணும் இடத்தின் வரலாறு. கோடையில் வழிப்போக்கர்க்கு நீர் வார்க்கத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதைப் பேரறமாகக் கருதினர் நம் முன்னோர். அதற்கெனப் பொருளும் நிலமும் அளிக்கப்பட்டதைச் சோழர்காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பின்னர்ச் சாலைதோறும் சத்திரங்கள் தோன்றின. 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் பாதை திறக்கப்பட்டது; திருவள்ளூர் அவ்வழியில் அமைந்தது. இரயிலைத் தொடர்ந்து சிற்றுண்டிச் சாலைகளும் பெருகின.

அறத்தின் அருகிலேயே ஒரு கறையும் இருந்ததை மறைத்தல் வரலாறு ஆகாது. காசு கொடுத்தாலும் எல்லாரும் எல்லா விடுதிகளிலும் அமர இயலவில்லை. இரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்ற பிரிவினை இருந்தது, பெரியார் ஈ.வெ.ரா.வும் அவர் இயக்கத்தாரும் எதிர்த்ததன்பின் 1941இல் அது நீக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை அதனினும் கொடியது. ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க உரிமையில்லை. தேநீர்க் கடையில் அவர்களுக்கு மட்டும் வேறு குவளை. கொதிக்கும் வெயிலில் தாகத்தோடு வந்தவனிடம் தாகத்தைப் பாராது சாதியைப் பார்த்த காலம் அது.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடை, உணவு விடுதி, கிணறு, குளம் ஆகியவற்றில் சாதி, சமயம் முதலியன காரணமாக எவரையும் விலக்கலாகாது என்று அது விதிக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. அதற்குத் தண்டனை விதிக்கும் சட்டம் 1955இல் வந்தது. எனினும் இரட்டைக் குவளை முறை சில ஊர்களில் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது என்பது நாம் நாணவேண்டிய உண்மை.

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் பின்னர்க் கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகத்தை அமைத்தது. ஆலைகள் எழுந்தன, தமிழரும் ஆந்திரரும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்தாரும் வேலை நாடி வந்தனர். அங்குள்ள சாலையோரக் கடைப் பலகையில் இன்று பல மொழி பேசுவோர் தோளோடு தோள் உரசி அமர்கின்றனர். பக்கத்தில் இருப்பவனின் பிறப்பை எவரும் வினவுவதில்லை. கூழில் உப்புப் போதுமா என்பதே அங்கு எழும் வினா. மேடைப் பேச்சுகள் பல சாதிக்காததைப் பசியும் உழைப்பும் ஒரு மரநிழலில் சாதிக்கின்றன.

மாணவர்களே, இக்கோடை விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியோரிடம் இரண்டு வினாக்கள் கேளுங்கள். அவர்கள் இளமையில் கோடைக்கு என்ன உண்டார்கள்? யார் யாருடன் சேர்ந்து அமர்ந்து உண்ண அவர்களுக்கு இடம் இருந்தது? முதல் வினாவுக்கு முகமலர்ச்சியோடு விடை வரும். இரண்டாம் வினாவுக்குச் சிலர் சற்றே மௌனம் காப்பர். அம்மௌனத்தையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாடநூலில் இல்லாத வரலாறு அதில் இருக்கிறது. பின்னர் நண்பர்களோடு கூழ் குடிக்கச் செல்லும்போது, ஒரே பலகையில் எல்லாரும் அமரும் உரிமை எத்தனை பேருடைய போராட்டத்தால் வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வுரிமையைக் குறையாமல் காத்து உங்கள் தம்பி தங்கையரிடம் ஒப்படைப்பது உங்கள் கடமை.