தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இசைக்கல்வி

தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இசைக்கல்வி என்பது ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குப் பள்ளி வழியாகவும் பள்ளியைச் சார்ந்த பிற அமைப்புகள் வழியாகவும் கற்பிக்கப்படும் இசைப் பயிற்சியைக் குறிக்கும். இசை, பள்ளிக் கால அட்டவணையில் இடம்பெறும் பாடம். ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இடம்பெறாத பாடம். இத்துறையின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே எழுகின்றன. சிவகங்கை மாவட்டத்தின் காளையார்கோவில் போன்ற ஊர்களில் இது தெளிவாகத் தெரிகின்றது.

பின்னணி

காளையார்கோவிலின் பழம்பெயர் கானப்பேர். இவ்வூர்ச் சிவன் கோயில் பாண்டிநாட்டுத் தேவாரத் தலங்கள் பதினான்கனுள் ஒன்று. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தின் மீது பதிகம் பாடியுள்ளனர். சம்பந்தர் பதிகம் கொல்லிப் பண்ணிலும் சுந்தரர் பதிகம் புறநீர்மைப் பண்ணிலும் அமைந்தவை. ஓதுவார் மரபில் கொல்லி நவரோசு இராகமாகவும், புறநீர்மை பூபாளமாகவும் பாடப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இசை வரலாறு கொண்ட ஊரில் வளரும் மாணவர், தம் ஊர்ப் பதிகத்தை உரிய பண்ணில் பாடக் கற்க வேண்டுமெனில், பள்ளிப் பாடத்திட்டம் மட்டும் அதற்குப் போதாது.

செட்டிநாட்டுப் பகுதிக்கு இசைக்கல்வி வரலாற்றில் தனி இடம் உண்டு. கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948) சிதம்பரத்தில் 1929இல் இசைக் கல்லூரியைத் தோற்றுவித்தார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமையவும் அவரே காரணர். எனினும் தமிழ் இசை இயக்கத்தின் கவனம் கச்சேரி மேடையின் மீதும் கல்லூரியின் மீதுமே மிகுதியாக இருந்தது. உயர்நிலைப் பள்ளி வகுப்பறை அந்த அளவு கவனம் பெறவில்லை.

பள்ளிகளில் இசை

அரசுப் பள்ளிகளில் இசை ஆசிரியர், ஓவியம், தையல், உடற்கல்வி ஆகியவற்றின் ஆசிரியர்களைப் போலச் சிறப்பாசிரியர் என்னும் வகையில் அடங்குவார். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் இசையும் ஒன்று. இது கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகளைக் கொண்டது. இத்தேர்வுச் சான்றிதழ்களும் தொழிலாசிரியர் பயிற்சிச் சான்றிதழும் இசை ஆசிரியர் பணிக்கு நெடுங்காலமாகத் தகுதிகளாக ஏற்கப்பட்டு வந்துள்ளன.

எல்லாப் பள்ளிகளிலும் இசை ஆசிரியர் பணியிடம் இல்லை. 2012இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். இவர்கள் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி முதலியவற்றைக் கற்பிப்பவர்கள். வாரத்திற்கு மூன்று அரை நாட்கள் பணி என்பது விதி. தொடர் பயிற்சி தேவைப்படும் கலைக்கு இந்த நேரம் குறைவு. பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் 'பாட்டு வகுப்பு' கணக்குக்கோ அறிவியலுக்கோ விட்டுக்கொடுக்கப்படுவதும் உண்டு. பத்தாம் வகுப்பின் ஐந்து கட்டாயத் தேர்வுப் பாடங்களான தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுள் இசை இல்லாததால், இதை எதிர்க்கப் பெற்றோரும் முன்வருவதில்லை.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, இசை உள்ளிட்ட கலைகளைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் கருநாடக இசையைத் தேர்வுப் பாடமாகவே எடுக்க முடியும். வாய்ப்பாட்டு, சுர இசைக்கருவி, தாள இசைக்கருவி என மூன்று தனித்தனிப் பாடங்கள் அங்கு உள்ளன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடத்தப்படுகின்றது. இது திறமையை வெளிக்கொணரும் போட்டி. ஆண்டு முழுவதற்குமான பயிற்சியின் இடத்தை அது நிரப்பாது.

தொடக்கப் பயிற்சி முறை

கருநாடக இசையின் தொடக்கப் பாடங்கள் புரந்தரதாசர் வகுத்தவை என்பது மரபு. அவை 15ஆவது மேளமாகிய மாயாமாளவகௌளையில் தொடங்குகின்றன. இவ்விராகத்தின் முற்பாதியில் (ச ரி க ம) உள்ள சுர இடைவெளிகளே பிற்பாதியிலும் (ப த நி ச) திரும்ப வருகின்றன. ஒரு பாதியைப் பாடப் பழகியவருக்கு மறு பாதி எளிதாகும்.

சரளி வரிசை, சண்டை வரிசை ஆகியவை மூன்று காலங்களில் பாடப்படும். முதற்காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாங்காலத்தில் இரண்டு, மூன்றாங்காலத்தில் நான்கு. தாளம் போடும் கையின் வேகம் மாறக்கூடாது. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இவ்விடத்திலேயே. அடுத்து வரும் ஏழு அலங்காரங்கள் ஏழு தாளங்களைப் பழக்குகின்றன. துருவம் 14, மட்டியம் 10, ரூபகம் 6, சம்பை 10, திரிபுடை 7, அட 14, ஏகம் 4 என்பன அவற்றின் அட்சரங்கள். பின்னர் கீதம், சுரசதி, வர்ணம், கீர்த்தனை என்ற வரிசையில் பயிற்சி செல்லும். அலங்காரங்களை முடிப்பதற்கே நாள்தோறும் பயிலும் மாணவருக்குப் பல மாதங்கள் ஆகும். வாரம் ஒரு வகுப்பு மட்டும் கிடைக்கும் பள்ளிகளில் தேசபக்திப் பாடல்களும் இறைவணக்கப் பாடல்களுமே இசைப் பாடமாக எஞ்சுவதன் காரணம் இதுவே.

பள்ளிக்கு வெளியே

கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 அரசு இசைப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று காளையார்கோவிலிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவகங்கையில் உள்ளது. குரலிசை, நாதசுவரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் இப்பள்ளிகளில் உண்டு. 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். பொதுவாக ஏழாம் வகுப்புத் தேர்ச்சி தேவை. நாதசுவரம், தவில், தேவாரம் ஆகியவற்றிற்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பது விதி.

வகுப்புகள் பகல் நேரத்தில் நடைபெறுவதால், 12 வயது என்ற தகுதி இருந்தும் பொதுப்பள்ளியில் பயிலும் மாணவர் இதிலும் சேர்ந்து படிப்பது கடினம். பத்தாம் வகுப்பை முடித்தோ இடையில் நிறுத்தியோ வருவதே நடைமுறை. இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புவது 5 முதல் 16 வயதுக்கு உட்பட்டோருக்கான ஜவகர் சிறுவர் மன்றம். அதன் வகுப்புகள் விடுமுறை நாட்களில் நடைபெறுகின்றன. தொலைவிலுள்ள சிற்றூர் மாணவருக்குப் பேருந்து வசதியே இதிலும் முதற்கேள்வியாகின்றது.

இலங்கையில்

இலங்கைப் பள்ளிகளில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை ஏதேனும் ஓர் அழகியல் பாடம் கட்டாயம். தமிழ் மொழிமூல மாணவர்கள் கருநாடக சங்கீதத்தைத் தேர்ந்து, கல்விப் பொதுத் தராதரச் சாதாரண தரத் தேர்விலும் அதை எழுதலாம். எழுத்துத் தேர்வுடன் செயன்முறைத் தேர்வும் உண்டு. 1931இல் தொடங்கப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபையின் தரத் தேர்வுகளும், யாழ்ப்பாணத்தில் உயர்கல்வி அளித்துவந்த இராமநாதன் நுண்கலைக் கழகமும் இதற்குத் துணையாயின. சாதாரண தரத்தில் சங்கீதம் எடுத்த மாணவருக்கு உயர்தரம், பல்கலைக்கழகம், ஆசிரியப் பணி எனப் படிகள் தொடர்கின்றன. சிவகங்கை மாவட்ட அரசுப் பள்ளி மாணவர் இசையைத் தொடர விரும்பினால், பள்ளியை விட்டு வெளியே வந்தே அப்படிகளில் ஏற வேண்டியுள்ளது.