நீல ரத்தம் சொன்ன சேதி

1981, ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யில் வேலை பார்த்த சாண்ட்ரா ஃபோர்ட் என்ற பெண்மணிக்கு ஒரு சந்தேகம். 'பென்டமிடின்' என்ற அபூர்வ மருந்தை, டாக்டர்கள் கேட்டால் எடுத்து அனுப்புவது அவருடைய வேலை. எப்போதாவது ஒரு புற்றுநோயாளிக்காகக் கேட்பார்கள். இப்போது இளைஞர்களுக்காகத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே, ஏன்? மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார்.

ஜூன் 5-ம் தேதி வெளியான சி.டி.சி.யின் வார அறிக்கையில் அந்தச் செய்தி இருந்தது. லாஸ் ஏஞ்சலீஸில் 5 இளைஞர்களுக்கு 'நியூமோசிஸ்டிஸ்' நிமோனியா. அதில் 2 பேர் இறந்துவிட்டார்கள். எய்ட்ஸ் என்ற பெயரே பிறக்காத நேரம் அது!

இந்தக் கிருமியை நம்மில் பலர் சின்ன வயசிலேயே சுவாசித்திருப்போம். ஒன்றும் பண்ணாது. எதிர்ப்புச் சக்தி படுத்துவிட்டால்தான் நுரையீரலில் தன் வேலையைக் காட்டும்.

அதைக் கண்டுபிடிப்பதற்குள் டாக்டர்கள் பாடு பெரும்பாடு. லேபில் வளர்த்துப் பார்க்கலாம் என்றால் வளராது. சாதாரணச் சளியில் சுலபத்தில் சிக்காது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் நோயாளிக்குள் குழாயை இறக்கி, நுரையீரலைக் கழுவிய நீரையோ ஒரு சதைத் துணுக்கையோ எடுத்து மைக்ரோஸ்கோப்பில் தேடவேண்டும். சிலருக்கு அந்தச் சோதனையே ஆபத்து. கொஞ்சம் ரத்தம் எடுத்தே தெரிந்துகொள்ள முடிந்தால்?

முடியும். அதற்கு வழி காட்டியது யார் தெரியுமா? குதிரை லாட நண்டு!

பெயர்தான் நண்டு; உறவுமுறையில் இது தேள், சிலந்தி பக்கம். ரத்தம் நீல நிறம். நமக்கு இரும்பு மாதிரி அதற்குத் தாமிரம். 1956-ல் ஃபிரெடெரிக் பேங் என்ற அமெரிக்க விஞ்ஞானி, கடல் பாக்டீரியாவை அதன் உடம்பில் செலுத்தினால் ரத்தம் அப்படியே உறைந்துபோவதை எழுதினார். பிறகு அவரும் ஜாக் லெவின் என்ற டாக்டரும், அந்த ரத்த அணுக்களின் சாறே பாக்டீரியா நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் என்று நிரூபித்தார்கள். ஊசிமருந்துகள் சுத்தமா என்று பார்க்க அது பயன்பட்டது.

இப்போது திரும்பவும் அதே 1981-க்கு வாருங்கள். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் இவானாகா குழுவினர் இன்னொரு விஷயத்தைக் கவனித்தார்கள். பாக்டீரியா நஞ்சு இல்லாமலே இந்தச் சாறு உறைகிறது! தூண்டிவிட்டது 'பீட்டா குளுக்கான்' என்ற சர்க்கரைச் சங்கிலி. பல பூஞ்சைகளின் வெளிச்சுவரில் அது முக்கியமான பொருள்.

அங்கே ஒரு நோய், இங்கே அதற்கான துப்பு. ஆனால் முடிச்சுப் போட ஆளில்லை. காரணம், நியூமோசிஸ்டிஸ் ஒரு பூஞ்சை என்பதே அப்போது தெரியாது! 1909 முதல் அதை மலேரியாக் கிருமி மாதிரியான ஓர் ஒற்றைச் செல் பிராணி என்றுதான் எண்ணியிருந்தார்கள். 1988-ல் மரபுப் பொருளை ஒப்பிட்டபிறகுதான் பூஞ்சை என்ற உண்மை வெளியே வந்தது. பீட்டா குளுக்கான் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2004-ல். ஒரு மில்லி சீரத்தில் 80 பிக்கோகிராம் இருந்தாலே 'பாசிட்டிவ்'. ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் பிக்கோகிராம்!

அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதீர்கள். இந்தச் சோதனை, பூஞ்சை இருக்கிறது என்று சொல்லும். எந்தப் பூஞ்சை என்று சொல்லாது. சிலவகை டயாலிசிஸ் வடிகட்டியும் ஆபரேஷனில் வைக்கும் பஞ்சுத்துணியும்கூட அதை ஏமாற்றிவிடும். 2021-ல் இந்தியாவை உலுக்கிய கறுப்புப் பூஞ்சையோ இதில் சிக்காமல் நழுவிவிடும். அதனால் ஸ்கேனோடும் நோயாளியின் நிலைமையோடும் சேர்த்துத்தான் டாக்டர்கள் இதைப் படிப்பார்கள்.

அப்புறம் இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? இதன் பலமே 'இல்லை' என்று சொல்வதில்தான். எச்.ஐ.வி. உள்ளவருக்கு ரிசல்ட் 'நெகட்டிவ்' என்றால், நியூமோசிஸ்டிஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டாக்டர் வேறு காரணத்தைத் தேடலாம். மூச்சுக்குப் போராடுபவரின் தொண்டைக்குள் குழாய் இறக்குவதைத் தவிர்க்க முடிந்தால், அது சின்ன லாபமா?

1981-ல் அந்த 5 இளைஞர்களுக்குக் கிடைக்காத வசதி இது. அதற்காக இன்றைக்கும் எங்கோ ஒரு கடற்கரையில் நண்டுகள் தங்கள் நீல ரத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கொடுத்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறவற்றில் எல்லாமே பிழைப்பதில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.