வேடந்தாங்கலுக்கு லென்ஸ் வாங்கப்போறீங்களா? முதல்ல நல்ல டீலரைத் தேடுங்க!

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் போதும், வேடந்தாங்கல் களைகட்டிவிடும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா என்று தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் முழுக்கப் பறவைகள். கரை முழுக்க கேமராக்கள். பறவைகளைத் துப்பாக்கியால் சுடக் கூடாது என்று ஊர் மக்கள் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் 1798-லேயே உரிமை வாங்கிய ஏரி இது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

அந்தக் கரையில் நிற்கும் பெரிய லென்ஸைப் பார்த்ததும் நமக்கும் ஆசை வரும். லட்ச ரூபாய் பொருளை இ.எம்.ஐ-யில் ஆர்டர் போடுவது இரண்டு நிமிட வேலை. ஆனா, அது நம்ம வேலைக்கு ஒத்துவராத பொருளா இருந்தா? படம் வந்தாலும் வராவிட்டாலும் தவணை வந்துடும். இந்த இடத்தில்தான் விஷயம் தெரிஞ்ச கேமரா டீலர் தேவைப்படுகிறார்.

முதல் கேள்வி பட்ஜெட் இல்லை!

'எவ்வளவுக்குப் பார்க்கறீங்க?' என்று ஆரம்பிப்பவர் விற்பனையாளர். 'என்ன எடுக்கப்போறீங்க, எங்கே நின்னு, எத்தனை மணிக்கு?' என்று கேட்பவர்தான் டீலர்.

காரணம் இருக்கு. வேடந்தாங்கலில் நாம் கரையிலும் கண்காணிப்புக் கோபுரத்திலும்தான் நிற்க முடியும். பறவையை நெருங்க முடியாது. அதனால் 500, 600 மி.மீ. லென்ஸ் தேவைப்படும். பறவைகள் கூட்டைவிட்டுக் கிளம்புவதும் திரும்புவதும் வெளிச்சம் குறைந்த காலையிலும் மாலையிலும்தான். இங்கேதான் 'எஃப்' எண் விளையாடும். கேனான் 600 மி.மீ. எஃப் 11 லென்ஸ் ஒரு கிலோவுக்கும் குறைவு, விலையும் மலிவு. சோனி 200-600 மி.மீ. லென்ஸ் இரண்டு கிலோவைத் தாண்டும். 600-ல் அதன் எஃப் எண் 6.3. இரண்டும் 600தானே என்று நினைக்கக் கூடாது. எஃப் 11-ல் உள்ளே வரும் வெளிச்சம், 6.3-ல் வருவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பறக்கும் நாரையை உறையவைக்க 1/1600 நொடி ஷட்டர் வேகம் வைத்தால், ஐ.எஸ்.ஓ. எகிறி, படம் புள்ளி புள்ளியாகிவிடும். அதேசமயம், நல்ல வெயிலில் மட்டும் படமெடுப்பவருக்கும், இரண்டு கிலோவைத் தூக்க முடியாதவருக்கும் அந்த எஃப் 11 லென்ஸே போதும். யாருக்கு எது என்று பிரித்துச் சொல்வதுதான் அனுபவம்.

இன்னொன்று, உச்சிவெயிலில் தண்ணீர்மேல் அனல் அலையடிக்கும்போது எவ்வளவு விலை கொடுத்த லென்ஸிலும் படம் மங்கலாகத்தான் வரும். அதற்கு மருந்து வேறு லென்ஸ் இல்லை, வேறு நேரம்.

பொருத்தம் பார்க்கணும்

நிக்கானின் பழைய 'ஏ.எஃப்-டி' லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். ஆனால், அவற்றை எஃப்.டி.இஸட் அடாப்டர் வழியாக மிரர்லெஸ் கேமராவில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. அதேபோல, நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவுக்குள் வேகம் குறைந்த மெமரி கார்டைப் போட்டால், பறவை பறக்கும் நேரத்தில் கேமரா மூச்சு வாங்கும். கார்டில் 'வி60', 'வி90' என்று இருப்பது, தொடர்ந்து எழுதும் வேகம் நொடிக்குக் குறைந்தபட்சம் 60, 90 எம்.பி. என்பதற்கான உத்தரவாதம். இதையெல்லாம் பில் போடுவதற்கு முன்பே சொல்பவரை விட்டுடாதீங்க.

விலை குறைவு, ரிஸ்க் அதிகம்

சில ஆயிரம் மிச்சம் என்று வாங்கும் 'கிரே மார்க்கெட்' பொருளுக்கு, கம்பெனியின் இந்திய வாரண்டி பொதுவாகக் கிடைக்காது. ஜி.எஸ்.டி. பில், அதில் சீரியல் நம்பர், முத்திரையுள்ள வாரண்டி கார்டு மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

மாமல்லபுரம் கடற்கரையில் அவுட்டோர் ஷூட்டும், செங்கல்பட்டு மண்டபங்களில் கல்யாணமும் எடுத்துப் பிழைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முகூர்த்தத்துக்கு ரீடேக் கிடையாது. கேமரா மக்கர் செய்தால் மாற்று பாடி தருவாரா, சர்வீஸ் சென்டருக்கு அவரே அனுப்புவாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள பாடியை அவர் வலியுறுத்தினால், அது விற்பனைத் தந்திரம் இல்லை. ஒரு கார்டு போனாலும் தாலி கட்டும் படம் இன்னொன்றில் இருக்கும்.

உப்புக்காற்று, பூஞ்சை

நம்ம கடலோர ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம். பழைய லென்ஸ் வாங்கும்போது, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்; சிலந்தி வலைபோல இழை தெரிந்தால் வேண்டாம். வாங்கிய பிறகு 40-50 சதவிகித ஈரப்பதத்தில் டிரை கேபினெட்டில் வைக்கலாம். அந்த பட்ஜெட் இல்லையென்றால், காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

யாரைத் தவிர்க்கலாம்?

* கடையில் ஸ்டாக் இருப்பதையே 'பெஸ்ட்' என்பவர்
* உங்கள் பாடியில் மாட்டி டெஸ்ட் செய்ய விடாதவர்
* பெரிய லென்ஸுக்கு மலிவான ஃபில்டரைத் தலையில் கட்டுபவர்; கூர்மையைக் கெடுக்கும் முதல் எதிரி அதுதான்

'இப்போ வாங்காதீங்க, ஒரு வீக் எண்ட் வாடகைக்கு எடுத்துப் பாருங்க' என்று சொல்பவர் கிடைத்தால், அவர் நம்பரை சேவ் செய்துகொள்ளுங்கள். ஆன்லைனைவிட கொஞ்சம் கூடுதல் விலை சொன்னாலும், அந்தக் காசு அவருடைய அனுபவத்துக்கு.

சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன், ஒரு கம்பெனி பாடி, வேறு கம்பெனி லென்ஸ் என்று தானே பொருத்திய கேமராவில்தான் கறுப்பு வெள்ளைக் காட்டுயிர்ப் படங்கள் எடுத்தார். அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. தன் வேலைக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அது தெரியும்வரை, தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்குவதே லாபம்.