அட்டவணைத் தொகுதியிலிருந்து கைப்பேசிக்கு: தமிழகப் பல் மருத்துவமும் ஆய்வுச் சான்றும்

குடுமியான்மலையில் ஒருவருக்குப் பல்வலி முற்றினால் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும். அங்கே 2023இல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்தவரிடம் மருத்துவர் சொல்லும் யோசனைக்கு ஆதாரம் எது, அது அவர் கைக்கு எப்படி வந்தது என்பதே இங்கே கேள்வி. கணினி அந்த வழியைத் திறந்தது உண்மை. யாருக்குத் திறந்தது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1953இல் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியபோது தேடல் என்றாலே நூலகம்தான். மருத்துவக் கட்டுரைகளின் அட்டவணையான ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ தொகுதிகளைப் புரட்டி, கட்டுரையின் தலைப்பைக் குறித்துக்கொண்டு, அந்த இதழ் அலமாரியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிப்பு முடிந்து ஊரில் கிளினிக் வைத்தவருக்கு அதுவும் எட்டாது. பேராசிரியர் சொன்னது, பாடநூல், கைப்பழக்கம் ஆகியவையே துணை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி தரும் துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பங்கு சிறிதல்ல.

சிகிச்சைகளை முறையான சோதனைகளால் எடைபோட வேண்டும் என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன் 1972இல் எழுதினார். அவர் பெயரால் அமைந்த கூட்டமைப்பில் வாய்நலக் குழு 1994இல் உருவானது. 1997இல் மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் ‘பப்மெட்’ இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. இந்தியாவுக்குப் பெரிய திருப்பம் 2007: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சந்தா செலுத்த, இணைய இணைப்புள்ள எவரும் அந்தக் கூட்டமைப்பின் மதிப்பாய்வுகள் அடங்கிய காக்ரேன் நூலகத்தை முழுதாகப் படிக்கலாம் என்றானது. வேலூர் சி.எம்.சி.யில் தெற்காசிய காக்ரேன் மையமும் இயங்கியது. கல்லூரிப் பேராசிரியருக்கும் ஊர்க் கிளினிக்காரருக்கும் அந்த உரிமம் வேற்றுமை பார்க்கவில்லை.

படிக்கக் கிடைப்பது வேறு, படிக்கத் தெரிவது வேறு. குடுமியான்மலைப் பாறையில் பல்லவ கிரந்தத்தில் வெட்டிய இசைக் கல்வெட்டு பல நூற்றாண்டுகளாகக் கண்ணெதிரே கிடந்தது. எழுத்தும் இசையும் அறிந்தவர்கள் வந்தபின்தான் அதன் பொருள் பேசப்பட்டது.

ஆய்வுச் சான்றும் அப்படித்தான். ஒரு தேடலைப் பார்ப்போம். ‘ஆறு மாதத்துக்கு ஒரு தடவை க்ளீனிங் செய்யணுமா, டாக்டர்?’ என்று நோயாளி கேட்கிறார். தேடல் பெட்டியில் க்ளீனிங்கின் மருத்துவப் பெயரான ‘ஸ்கேலிங்’ என்று மட்டும் தட்டினால் கட்டுரைகள் கொட்டும். நோயாளி யார், எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பீடு, என்ன பலன் என்று கேள்வியைப் பிரித்துக்கொண்டு தேடுபவர் 2018ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வுக்கு வந்துசேர்வார். இரண்டு ஆய்வுகள், 1711 பேர். இரண்டு மூன்று ஆண்டுகளில், வழக்கமான க்ளீனிங்கால் ஈறு நலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பல் மருத்துவரிடம் தவறாமல் போய்வருபவர்கள், கடுமையான ஈறுநோய் இல்லாதவர்கள். வெற்றிலை, புகையிலைக் கறை ஏறி முதல் தடவையாக வாயைத் திறக்கும் நம்மூர்க்காரருக்கு அதே முடிவைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அது சான்றின் பேரால் நடக்கும் தவறு. கணினிப் பயிற்சி என்று நான் கருதுவது இந்தப் பகுத்தறிதலையே. தட்டச்சையும் பில் மென்பொருளையும் அல்ல.

2025இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களைத் திறந்துவிட்டது. அது அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு உரியது. தனியார் கிளினிக்காரரின் கைப்பேசியில் கட்டுரைச் சுருக்கம் வரும். பல இதழ்களின் முழுக்கட்டுரைக்குக் காசு கேட்கும். 2007இன் கதவு இதைவிட அகலமானது என்பேன். அரசுக் கல்லூரி நூலகத்தில் ஒரு கணினியை மாவட்டத்துத் தனியார் பல் மருத்துவர்களுக்கு ஒதுக்க உரிம விதிகள் இடம் தருகின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். தந்தால், தொடர் கல்வி வகுப்புகளில் ஒன்றை அந்தக் கணினி முன்னாலேயே நடத்தலாம்.