நாச்சிமார் கோயிலடியிலிருந்து சர்வஜன வாக்கெடுப்பு வரை

1981 மே 31ஆம் திகதி மாலை, யாழ்ப்பாணம் நாச்சிமார் கோயிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேர்தல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலுக்கு நான்கு நாள்களே இருந்தன. ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் தியாகராஜா ஒரு வாரத்துக்கு முன்புதான் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கூட்டத்தில் காவலுக்கு நின்ற பொலிஸார் மீதும் சூடு விழுந்தது.

இவ்விரண்டு வன்செயல்களுக்கும் நியாயம் கற்பிக்க முடியாது. ஆனால் குற்றவாளியைப் பிடிக்க வேண்டிய பொலிஸ் படை, அடுத்தடுத்த இரவுகளில் ஊரையே தண்டித்தது. கூட்டணியின் தலைமையகம், யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, சந்தைக் கடைகள் எல்லாம் எரிந்தன. யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவந்துகொண்டிருந்த ‘ஈழநாடு’ நாளேட்டின் பணிமனையும் தீக்கிரையானது. ஜூன் 1ஆம் திகதி இரவு பொது நூலகத்தில் தீ வைக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைப் பார்த்த தமிழறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சி தாளாமல் இறந்துபோனார். அமைச்சர்கள் சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும் அப்போது யாழ்ப்பாணத்திலேயே இருந்தார்கள் என்பதை எந்த வரலாற்றாசிரியரும் கடந்துபோக முடியாது.

ஜூன் 4 வாக்களிப்பிலும் முறைகேடு. பயிற்சி பெற்ற தலைமை வாக்கெடுப்பு அலுவலர்கள் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டார்கள். சில வாக்குப்பெட்டிகள் காணாமல் போயின. அப்படியிருந்தும் யாழ்ப்பாண மாவட்ட சபையின் பத்து இடங்களையும் கூட்டணியே வென்றது.

இதை வடக்கின் துயரமாக மட்டும் எழுதி முடிப்பது வழக்கம். அது போதாது. எதிர்க்குரலின் அச்சகத்தை முடக்குவது, தேர்தல் விதிகளைக் கடைசி நேரத்தில் வளைப்பது ஆகிய இரண்டும் அடுத்த ஆண்டே தெற்கையும் எட்டின.

1982 ஒக்டோபரில் ஜே.ஆர். ஜயவர்தன 52.9 வீத வாக்குகளுடன் மீண்டும் ஜனாதிபதியானார். விகிதாசார முறையில் பொதுத் தேர்தல் நடந்திருந்தால், 1977இல் அவரது ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்த ஆறில் ஐந்து பங்குப் பெரும்பான்மை நிச்சயம் கைநழுவியிருக்கும். எனவே தேர்தலே வேண்டாம், இருக்கும் நாடாளுமன்றத்தை மேலும் ஆறு ஆண்டுகள் நீடிக்கலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. ஆம் என்போருக்கு விளக்குச் சின்னம், இல்லை என்போருக்குக் குடம். ‘சதி’ ஒன்றைக் காரணம் காட்டி எதிர்க்கட்சிச் செயற்பாட்டாளர்கள் கைதானார்கள். நடிகர் விஜய குமாரதுங்கவும் தப்பவில்லை. எதிர்த்தரப்பின் ‘அத்த’ நாளிதழின் அச்சகம் சீல் வைக்கப்பட்டது. அவசரகாலச் சட்டத்தின் கீழேயே டிசம்பர் 22இல் வாக்கெடுப்பு நடந்தது. நாடளாவிய அளவில் விளக்குக்கு 54.66 வீதம். யாழ்ப்பாண மாவட்டத்திலோ பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்கே வாக்களித்தார்கள்.

மதகுருமார் அமைப்பான ‘பெவிதி ஹண்ட’ குடத்துக்கு ஆதரவாக அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களையும் பொலிஸார் அச்சகத்திலேயே பறித்தார்கள். அமைப்பின் செயலாளர் ரதனசார தேரர் வழக்குத் தொடுத்தார். பேச்சுரிமை மீறப்பட்டதென 1983 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பொறுப்பான பொலிஸ் அதிகாரி 10,000 ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென்றது. அந்தத் தொகையை அரசாங்கமே கட்டியது. அதிகாரிக்குப் பதவி உயர்வும் கொடுத்தது. நீதிமன்றத்துக்கு அரசாங்கம் தந்த இந்தப் பதில், அச்சகத்தைச் சீல் வைத்ததைவிடக் கேடானது.

1983 ஆகஸ்டில் முடிய வேண்டிய நாடாளுமன்றத்துக்குப் பிறகு, அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் நடந்தது.