ஷோகேஸ் அலங்கரிக்க ஒரு பள்ளிக்கூடம்

துணிக்கடை ஷோகேஸில் பொம்மைக்குப் புடவை கட்டிவிடுகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். "இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?"ன்னு கேட்கத் தோன்றும். நூறு வருஷத்துக்கு முன்பே பெர்லினில் அதற்கு ஒரு படிப்பு இருந்தது. அதைக் கற்றுக்கொடுத்த பள்ளியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய கண்ணாடிகளும் மின்விளக்கும் வந்து, கடைவாசலே விளம்பரம் ஆகிவிட்டது. ஆனால் அதை அடுக்கிவைத்தது பெரும்பாலும் கடையில் வேலை பார்த்த பையன்கள்தான். 1897-ல் சிகாகோவில் இந்த வேலைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார் எல். ஃபிராங்க் பாம். மறுவருஷம் ஒரு சங்கம். 1900-ல் துணிக்கடை ஜன்னல்களை அலங்கரிப்பது எப்படின்னு ஒரு புத்தகம். அதே வருஷம் அவருடைய இன்னொரு புத்தகமும் வந்தது: ஓஸ் மந்திரவாதி கதை. ஆமாம், அதே பாம்தான்! ஜன்னலுக்குள் சுழலும் சக்கரம், நகரும் பொம்மை, கண்கட்டு வித்தை என்று தெருவில் போகிறவரை நிறுத்துவதுதான் அவர் சொன்ன வழி.

ஜெர்மனியில் யோசனை வேறு மாதிரி போனது. 1907-ல் உருவான வெர்க்பண்ட் அமைப்பில் கலைஞர்களும் தொழிலதிபர்களும் சேர்ந்திருந்தார்கள். தினமும் ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டு போகும் ஷோகேஸ் நன்றாக இருந்தால் ஊருடைய ரசனையே மாறும் என்பது அவர்கள் எண்ணம். அதற்கு எல்லாச் சரக்கையும் கண்ணாடியில் திணிக்காமல், எதை விடுவது என்று தெரிந்த ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களை எங்கே போய்த் தேடுவது? உருவாக்கத்தான் வேண்டும். 1910-களின் தொடக்கத்தில் பெர்லினில் இதற்கான வகுப்புகள் ஆரம்பித்தன. அவை சீக்கிரமே ரைமன் பள்ளியோடு சேர்ந்தன.

ஆல்பர்ட் ரைமன் 1902-ல் தொடங்கிய தனியார் பள்ளி அது. ஆரம்பத்தில் சின்னச் சிற்பங்கள் செய்யக் கற்றுக்கொடுத்த பட்டறை. பிறகு விளம்பர ஓவியம், எழுத்துரு, ஆடை வடிவமைப்பு, புகைப்படம் என்று வளர்ந்தது. ஷோகேஸ் மாணவருக்கு இது பெரிய வசதி. விலைச்சீட்டின் எழுத்து, விளக்கின் கோணம், துணியின் மடிப்பு எல்லாவற்றுக்கும் பக்கத்து அறையிலேயே ஆசிரியர் இருந்தார். பௌஹவுஸ் பள்ளியைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். சம்பாதிக்கிற தொழிலைச் சொல்லிக்கொடுத்த ரைமன் பள்ளியைப் பற்றி அவ்வளவாகப் பேச்சே இல்லை.

ரைமன் யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நெருக்கடி ஆரம்பித்தது. 1935-ல் பள்ளியைக் கட்டிடக்கலைஞர் ஹூகோ ஹேரிங்குக்கு விற்றார். 1943-ல் குண்டுவீச்சில் அந்தக் கட்டிடமும் அழிந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1937-ல், ரைமனின் மகன் ஹைன்ஸ் லண்டனில் பள்ளியை மறுபடி திறந்திருந்தார். இரண்டே வருஷத்தில் போர் வந்து அதையும் மூடவைத்தது.

கட்டிடம் போச்சு, பாடம் போகவில்லை. மாஸ்கோவில் பிறந்து பெர்லின் ரைமன் பள்ளியில் படித்த நடாஷா க்ரோல், லண்டன் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வந்தவர். 1942-ல் பிக்காடிலியில் இருந்த சிம்ப்சன் கடையின் ஷோகேஸ்கள் அவர் பொறுப்புக்கு வந்தன. அப்போது பிரிட்டனில் துணிக்கே ரேஷன். 1941-ல் தொடங்கியது 1949 வரை நீடித்தது. அடுக்கிவைக்கச் சரக்கே இல்லாத காலத்தில், குறைவாக வைத்து நிறைவாகக் காட்டப் படித்தவர் கையில் அந்த ஜன்னல்கள் கிடைத்தன. பெர்லினில் ரசனையாக இருந்த பாடம் லண்டனில் பிழைப்புக்கே உதவியது.

1954-ல் ஷோகேஸ் அமைப்பது பற்றி அவரே ஒரு புத்தகம் எழுதினார். பிறகு பிபிசி தொலைக்காட்சிக்குப் போய் அரங்க அமைப்பாளரானார். சினிமாவில் கலை இயக்கத்துக்கு பாஃப்டா விருதும் வாங்கினார்.

ஒரு ஷோகேஸின் ஆயுள் சில வாரம்தான். அடுத்த சரக்கு வந்ததும் கலைத்துவிடுவார்கள். க்ரோல் அமைத்தவற்றில் இன்று மிஞ்சுவது புகைப்படங்கள் மட்டுமே. இந்தத் தொழிலில் ஆளுக்கு ஆள் கைமாறுகிற பயிற்சிதான் சொத்து. அதனால்தான் ஊரை விட்டுத் துரத்தியபோதும் அதை எடுத்துக்கொண்டு போக முடிந்தது.